‘பிகாஸ்’ நிற்கும் இடம்

 

சென்ற மாதம் ஒரு நாள் மஃக்ரிபுத் தொழுகை முடிந்து, மதரஸா வராந்தாவில் பிள்ளைகளுக்குப் பாடம் கொடுத்துக் கொண்டிருந்தேன். பழைய மாணவி ஒருத்தி தன் உம்மாவுடன் வந்து நின்றாள். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதி முடித்தவள். இப்போது கல்லூரியில் முதலாண்டு பயில்கிறாள். அவளுடைய வாப்பா ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கெழுதுபவர். பக்கவாதம் கண்டு, வலக்கை வழங்காமல், மாதக்கணக்கில் வீட்டிலேயே இருக்கிறார். முதல் பருவக் கட்டணம் செலுத்த இயலவில்லை. கல்வி உதவி நல்கும் ஓர் அறக்கட்டளைக்கு அந்தப் பெண் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி அனுப்பியிருந்தாள். அது திரும்பி வந்துவிட்டது. ‘காரணம் தெளிவாக இல்லை, பத்து நாள்களுக்குள் மீண்டும் எழுதுக’ என்று ஒரு குறிப்பும், ஒரு வரியின் கீழே பென்சில் கோடும், அதன் அருகே ஒரு கேள்விக்குறியும் இருந்தன.

கோடிட்ட வரி இது: ‘மை ஃபாதர் வாஸ் இல் பிகாஸ் ஐ குட் நாட் பே தி ஃபீஸ்.’

ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ‘வாப்பா நோயுற்றார், ஆதலால் நான் கட்டணம் செலுத்தவில்லை’ என்று எழுதுவதாக அவள் எண்ணியிருக்கிறாள். தாளில் அமைந்ததோ, ‘நான் கட்டணம் செலுத்தாததால் வாப்பா நோயுற்றார்’ என்பது! காரணம் காரியமாகிவிட்டது, காரியம் காரணமாகிவிட்டது. உம்மா எதுவும் விளங்காமல் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைதானே, ஹஜ்ரத்?” என்றார்.

உண்மைதான். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்னும் மூவகை வாக்கியங்களையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் பாடத்தை அவள் பள்ளியிலேயே படித்திருந்தாள். ‘இன் ஸ்பைட் ஆஃப், பட், தோ’ என்றும், ‘பிகாஸ் ஆஃப், ஸோ, பிகாஸ்’ என்றும் அட்டவணை வரிசையாக ஒப்பித்தாள். ஒரு சொல்கூடத் தவறவில்லை. அட்டவணை மனத்தில் இருந்தது. அச்சொற்கள் வாக்கியத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் இல்லை. இந்த மாதம் அதையே எழுதலாம் என்று தோன்றியது. பிள்ளை ஆங்கிலம் படிக்கும் எந்த வீட்டிலும் நேரக்கூடியது இது.

ஒரு வேண்டுகோள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஆங்கில எழுத்து அறியாத தாய்மாரும் பிள்ளையை அருகில் அமர்த்திக் கொண்டு, ‘இந்த வரியை எழுது, பார்க்கலாம்’ என்று சொல்லவேண்டும் என்பதே நோக்கம். ஒரு மொழியை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதுவது நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் தமிழை அரபி எழுத்தில் எழுதி, அரபுத் தமிழ்க் கிதாபுகளில் மார்க்கச் சட்டங்களைப் படித்து அறிந்தவர்கள்தாமே!

முதலில் மூவகை வாக்கியங்களைப் பார்த்துவிடுவோம். தமிழ் இலக்கணத்தில் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்று படித்தவைதாம் இவை. நீளத்தை வைத்து வகை பிரிக்கலாகாது. நீண்டிருந்தால் காம்ப்ளெக்ஸ் என்று எண்ணும் பிள்ளைகள் பலர். ‘ஐ நோ ஹூ கேம்’ என்பது நான்கே சொற்கள், அது காம்ப்ளெக்ஸ். ‘அஹ்மத் அண்ட் பஷீர் வென்ட் டு தி மதரஸா வித் தேர் புக்ஸ் ஆஃப்டர் தி அஸர் ப்ரேயர்’ என்பது இரண்டு மடங்குக்கும் மேல் நீளம்; நடுவே ‘அண்ட்’ வேறு இருக்கிறது; ஆயினும் அது சிம்பிள். அந்த ‘அண்ட்’ இரண்டு பெயர்களை இணைக்கிறதே தவிர, இரண்டு செய்திகளை இணைக்கவில்லை.

பார்க்க வேண்டியது முற்றுவினை. ஆங்கிலத்தில் ஃபைனைட் வெர்ப் என்பார்கள். முற்றுவினை ஒன்றே இருந்தால் சிம்பிள். ஒன்றுக்கு மேற்பட்டு, எல்லாம் சம நிலையில் நின்றால் காம்பவுண்ட். ஒன்று தலைமையாய் நிற்க, மற்றது தனித்து நிற்க இயலாமல் அதன்மீது சாய்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ். தலைமையாய் நிற்கும் பகுதி மெயின் கிளாஸ். சாய்ந்து நிற்பது சபார்டினேட் கிளாஸ்.

‘ஒளுச் செய்தபின் அவன் தொழுதான்’ என்ற ஒரே செய்தியை மூன்று வகையிலும் சொல்லிப் பாருங்கள். ‘ஹேவிங் டன் ஒளு, ஹி ப்ரேய்ட்’ – இதில் ‘ப்ரேய்ட்’ ஒன்றே முற்றுவினை. ‘ஹேவிங் டன்’ என்பது நம் வினையெச்சத்தைப் போன்றது. ஆகவே சிம்பிள். ‘ஹி டிட் ஒளு அண்ட் ப்ரேய்ட்’ – இரண்டு முற்றுவினைகள் தோளோடு தோள் நிற்கின்றன; காம்பவுண்ட். ‘ஆஃப்டர் ஹி ஹேட் டன் ஒளு, ஹி ப்ரேய்ட்’ – முதற்பகுதியை மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்பவர் ‘பிறகு?’ என்பார். அந்த ‘பிறகு?’ எழும் இடம்தான் சாய்ந்து நிற்கும் பகுதி, இது காம்ப்ளெக்ஸ். பிள்ளைக்கு ஐயம் வந்தால் ஒவ்வொரு பகுதியையும் தனியே உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். ‘பிறகு?’ என்று கேட்கத் தோன்றுகிறதா என்பதை, ஆங்கிலப் புலமை இல்லாத உம்மாவும் பொருள் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

இதுவரை எந்தப் பாடநூலிலும் உள்ளதே. ரென், மார்ட்டின் இருவரும் எழுதி 1930களில் வெளிவந்து, இன்றும் நம் பள்ளிகளில் புழங்கும் இலக்கண நூலில் வாக்கிய மாற்றத்திற்கெனப் பக்கம் பக்கமாய்ப் பயிற்சிகள் உள்ளன. அவ்வளவு பயிற்சி செய்த பிள்ளையும் ‘பிகாஸ்’ஸை இடம் மாற்றி வைப்பது ஏன்?

தமிழில் இணைக்கும் உறுப்பு பின்னால் வருகிறது. ‘வாப்பா நோயுற்றதால்’ என்னும்போது, காரணத்தைக் காட்டும் ‘ஆல்’ காரணம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகே ஒட்டுகிறது. ‘மழை பெய்தாலும்’, ‘நீ படித்தால்’, ‘அவர் வரும்வரை’, ‘வருவார் என்று’ – எல்லாவற்றிலும் ஆலும், ஆல், வரை, என்று ஆகியவை கடைசியில்தான் நிற்கின்றன. ஆங்கிலத்தில் இது நேர் எதிர். ‘பிகாஸ்’, ‘தோ’, ‘இஃப்’, ‘அன்டில்’, ‘தட்’ ஆகிய அனைத்தும் தாம் இணைக்கும் பகுதியின் தலையில் நிற்பவை. நம் பிள்ளை தமிழில் எண்ணுகிறது. ‘வாப்பா நோயுற்றார்’ என்று எழுதி முடித்ததும், ‘ஆதலால்’ என்று சொல்ல வேண்டிய இடம் வருகிறது. ‘ஆதலால்’, ‘பிகாஸ்’ இரண்டும் காரணச் சொற்கள்தாமே என்று அதே இடத்தில் ‘பிகாஸ்’ஸை வைத்துவிடுகிறது. அந்த இடத்திற்குரிய சொல் ‘ஸோ’. ‘ஸோ’ காரியத்தின் முன்னே நிற்பது. ‘பிகாஸ்’ காரணத்தின் முன்னே நிற்பது. தந்தையின் நோயைத் தன் குற்றத்தின் விளைவாக அந்தப் பெண் எழுதிவிட்டதற்கு இதுவே காரணம். அவளுடைய அறிவுக் குறைவு அன்று.

இதைச் சொல்லிவிட்டு, “நஹ்வுப் பாடம் நினைவிருக்கிறதா, மகளே?” என்று கேட்டேன். அவள் ஆஜுரூமிய்யாவின் தொடக்கப் பகுதிகளை என்னிடம் ஓதியிருந்தாள். மொராக்கோவின் ஃபாஸ் நகரில் 1323ஆம் ஆண்டு மறைந்த இப்னு ஆஜுர்ரூம் எழுதிய அச்சிறு நூலை நம் மாணவர்கள் அரபி இலக்கணத்தின் முதற்படியாக ஓதுகிறார்கள். “அரபியில் ‘லிஅன்ன’ எங்கே நிற்கும்?” என்றேன். சற்று எண்ணிப் பார்த்தவள், “காரணத்துக்கு முன்னால், ஹஜ்ரத்” என்றாள். “‘இதா’?” “நிபந்தனைக்கு முன்னால்.” “‘ஹத்தா’?” “அதுவும் முன்னால்தான்.” பிறகு அவளே வியந்து சிரித்துவிட்டாள்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. இணைக்கும் சொல் நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை ஆங்கிலமும் அரபியும் ஒரே பக்கம் நிற்கின்றன. தமிழ் மறுபக்கம் நிற்கிறது. அத்ஃபு படித்த பிள்ளைக்குக் காம்பவுண்ட் வாக்கியம் அந்நியமன்று. அத்ஃபுக்குரிய சொற்கள் பத்து என்று ஆஜுரூமிய்யாவில் ஓதுகிறோம்; காம்பவுண்ட் வாக்கியத்திற்கென ஆங்கிலத்தில் ‘ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ’ என ஏழைச் சொல்லித் தருகிறார்கள். ஷர்த்தும் ஜஸாவும் படித்த பிள்ளை, ‘இஃப்’ வரும் காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘அல்லதீ’ என்னும் மவ்ஸூலும் அதன் ஸிலாவும் படித்த பிள்ளைக்கு ‘ஹூ’ என்ற சொல்லின் வேலை பாதி விளங்கிவிட்டது. தமிழில் ‘பாங்கு சொல்லும் மனிதர்’ என்று அடைமொழி முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் ‘தி மேன் ஹூ கால்ஸ் தி அதான்’ என்று முதலில் மனிதர் வருகிறார். பிறகே அவர் யார் என்ற விளக்கம் வருகிறது. அரபியிலும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் இரு மொழிகளும் ஒன்றே என்று யாரும் கொள்ள வேண்டாம். முப்ததாவும் கபரும் வினையே இல்லாமல் வாக்கியமாகிவிடும். ஆங்கிலத்தில் ‘இஸ்’ஸோ ‘வாஸ்’ஸோ இல்லாமல் நிறைவு பெறாது. அரபி படித்த சிலர் ‘ஹி டீச்சர்’ என்று எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழிலும் ‘அவர் ஆசிரியர்’ என்றாலே போதுமாகையால், அந்தப் பிழைக்குத் தமிழும் துணை நிற்கிறது.

ஓதும் பாடமும் பள்ளிப் பாடமும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதும் பெற்றோர் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். ‘பொதுத் தேர்வு வருகிறது, மதரஸாவை நிறுத்திவிடுகிறேன்’ என்று வருபவர்களிடம், இனி இந்த ‘லிஅன்ன’வைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

வழக்கமாக நேரும் வேறு சில பிழைகளும் உண்டு. ஒன்று, இரட்டை முடிச்சு. ‘தோ ஹி வாஸ் புவர், பட் ஹி வாஸ் ஹானஸ்ட்’ என்று எழுதுவது. ‘தோ’ போட்டால் அது காம்ப்ளெக்ஸ்; ‘பட்’ போட்டால் அது காம்பவுண்ட். இரண்டு பகுதிகளைக் கட்ட ஒரு முடிச்சுப் போதும். ‘தோ’வை வைத்துக் கொண்டால் ‘பட்’டை எடுத்துவிட வேண்டும், ‘பிகாஸ்’ஸை வைத்துக் கொண்டால் ‘ஸோ’வை எடுத்துவிட வேண்டும். இதையே சிம்பிளாக எழுதினால், ‘இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பாவர்ட்டி, ஹி வாஸ் ஹானஸ்ட்’. ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘பிகாஸ் ஆஃப்’ என்பவற்றின் பின்னே பெயர்ச்சொல்தான் வரும். ‘ஹி வாஸ்’ என்று எழுவாயும் முற்றுவினையும் வரலாகாது. ‘பிகாஸ்’ வேறு, ‘பிகாஸ் ஆஃப்’ வேறு என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் எதிர்மறை. ‘தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்’ என்பதில் ‘நாட்’ எங்கும் இல்லை. ஆனால் குடிக்க முடியாத சூடு என்பது பொருள். காம்ப்ளெக்ஸாக்கும்போது அது வெளியே வரவேண்டும்: ‘தி டீ இஸ் ஸோ ஹாட் தட் ஐ கேன்னாட் டிரிங்க் இட்.’ ‘நாட்’டை விட்டுவிட்டால் தேநீர் குடிக்கத் தக்கதாகிவிடும்! கடைசியில் உள்ள ‘இட்’டையும் மறக்கலாகாது. ‘அன்லெஸ்’ஸும் இத்தகையதே. ‘இல்லாவிட்டால்’ என்ற பொருள் அதற்குள்ளேயே இருப்பதால், ‘நீ உழைக்காவிட்டால்’ என்பதற்கு ‘அன்லெஸ் யூ வொர்க்’ என்றாலே போதும். ‘அன்லெஸ் யூ டோன்ட் வொர்க்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் வாக்கியங்களை இணைக்கவும் மாற்றவும் கேட்கிறார்கள். அதற்காகவே இதைப் படிக்கிறோம் என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். ஒரே செய்திக்கு மூன்று வடிவம் ஏன் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைத் திருத்த அமர்ந்தபோதுதான் நானும் அதை முறையாக எண்ணிப் பார்த்தேன்.

அவளுக்கு ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைவு. அதைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: ‘தோ ஐ வொர்க் ஹார்ட், மை மார்க்ஸ் ஆர் லோ.’ இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் எது தங்கும்? தலைமைப் பகுதியில் இருப்பது ‘மதிப்பெண் குறைவு’ என்பதுதான். உழைப்பு சாய்ந்து நிற்கும் பகுதிக்குப் போய்விட்டது. ‘தோ’வை இடம் மாற்றச் சொன்னேன்: ‘தோ மை மார்க்ஸ் ஆர் லோ, ஐ வொர்க் ஹார்ட்.’ அதே இரண்டு உண்மைகள். ஒன்றைக் கூட்டவுமில்லை, ஒன்றை மறைக்கவுமில்லை. இப்போது நெஞ்சில் நிற்பது உழைப்பு. ‘பட்’ போட்டுக் காம்பவுண்டாக எழுதியிருந்தால் இரண்டும் சம எடையில் நின்றிருக்கும். இறுதியில் வருவது சற்று ஓங்கி ஒலிக்கும், அவ்வளவே. எதற்கு எவ்வளவு எடை தருவது என்று எழுதுபவர் முடிவு செய்துகொள்ளவே இந்த மூன்று வடிவங்களும் இருக்கின்றன.

அதற்காக எல்லாவற்றையும் காம்ப்ளெக்ஸாக எழுதிக் குவிக்கவும் வேண்டாம். பெரிய எழுத்து என்றால் நீண்ட வாக்கியம் என்று கல்லூரிப் பிள்ளைகள் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். (பட்ட வகுப்பில் நானும் அப்படித்தான் எழுதினேன், பேராசிரியர் ஒருவர் என் கட்டுரையின் ஓரத்தில், ‘மூச்சு வாங்குகிறது’ என்று எழுதித் தந்தார்.) ‘மை ஃபாதர் இஸ் பாரலைஸ்ட்’ என்று ஒரே ஒரு சிம்பிள் வாக்கியத்தை எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், அதற்குள்ள கனம் வேறு எதற்கும் வராது. அதை ‘ஸின்ஸ்’, ‘விச்’ என்று நான்கு பகுதிகளுக்கு நடுவே செருகினால், படிப்பவர் கண் தாண்டிப் போய்விடும்.

கைப்பேசியில் தமிழில் எழுதினால் அதுவே ஆங்கிலமாக்கித் தந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணின் தம்பியும் அதைத்தான் சொன்னானாம். அது தருவது பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாம் சொல்ல நினைத்ததைத்தான் அது சொல்லியிருக்கிறதா என்று பார்க்க, ‘பிகாஸ்’ எங்கே நிற்கிறது என்பதை அறிந்த ஒருவர் வீட்டில் வேண்டுமே. தேர்வுக் கூடத்திலோ கைப்பேசிக்கு இடமில்லை.

விண்ணப்பத்தை அவளே திரும்ப எழுதினாள்; நான் கோடிட்டுக் காட்டியதோடு சரி. முதல் வரி சிம்பிள்: வாப்பாவின் நோய். இரண்டாம் வரி காம்ப்ளெக்ஸ்: ‘பிகாஸ் ஹி இஸ் தி ஒன்லி எர்னிங் மெம்பர் ஆஃப் அவர் ஃபேமிலி, ஐ குட் நாட் பே தி ஃபீஸ்.’ ‘பிகாஸ்’ காரணத்தின் தலையில் நின்றது. எழுதி முடித்து, ஒவ்வொரு வரியையும் உம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். உம்மா கேட்டுவிட்டு, “இதைத்தானே மோளே, முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்” என்றார். கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாகவே அஞ்சலில் சேர்த்துவிட்டார்கள். இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை. அக்குடும்பத்துக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள்.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மாதப் பயிற்சி. நான்கு இணைகள் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குமுன், இரண்டில் எது காரணம், எது விளைவு, எது நிபந்தனை என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மூன்று வகையிலும் எழுதட்டும்.

கடும் மழை பெய்தது. பெருநாள் தொழுகையைத் திடலில் தொழ இயலவில்லை. அவர் முதியவர், முப்பது நோன்பையும் நோற்றார். நீ முயற்சி செய், தேர்ச்சி பெறுவாய். பெட்டி மிகக் கனமானது. சிறுமியால் அதைத் தூக்க இயலாது.

முதல் இணையைச் சிம்பிளாக எழுத மட்டும் ஒரு குறிப்பு: ‘பிகாஸ் ஆஃப் தி ஹெவி ரெய்ன்’ என்று தொடங்கலாம். கடைசி இணையில் ‘டூ’ வரும். காம்ப்ளெக்ஸாக்கும்போது ‘நாட்’டைத் தேடுங்கள். விடைகளை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் தருகிறேன். வஸ்ஸலாம்.